சீரமைப்பிலிருந்து சீர்வரிசைக்கு: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஊர்ச் சமூகமும் மாணவர் சாதனையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஊர்மக்கள் 'கல்விச்சீர்' என்ற பெயரில் பொருள்களை ஊர்வலமாகக் கொண்டு சென்று வழங்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. உறவுமுறைச் சடங்கு ஒன்றின் பெயர் பொதுநிறுவனம் ஒன்றுக்கு இடம்பெயர்ந்திருப்பதன் பொருளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உருவாக்கிய பள்ளி மேலாண்மைக் குழு, பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கப்பெறும் ஆண்டறிக்கை ஆகியவற்றோடு இவ்வழக்கு ஒப்புநோக்கப்படுகிறது. மாணவர் சாதனை என எண்ணப்படுவது எது, அதற்கு உரிமை கொண்டாடுவோர் யாவர் என்ற வினாக்கள் கட்டுரையின் மையமாகின்றன.

திறவுச்சொற்கள்: கல்விச்சீர், உபயம், நன்கொடை, பள்ளிச் சீரமைப்பு, பள்ளி மேலாண்மைக் குழு, ஆண்டறிக்கை, சாதனைப் பலகை.

முன்னுரை

'சீர்' என்னும் சொல் தமிழில் பல பொருள்களில் வழங்குகிறது. யாப்பில் அசைகள் சேர்ந்தமைவது சீர். ஒழுங்கு, செம்மை, அழகு, செல்வம் ஆகியனவும் சீர் எனப்படும். குடும்ப வழக்கில், பிறந்த வீட்டார் தம் மகளுக்கும் அவள் பெற்ற மக்களுக்கும் முறைப்படி செய்வது சீர். தலைத்தீபாவளி, பொங்கல், வளைகாப்பு, காதுகுத்து, பூப்புநீராட்டு எனப் பெண்ணின் வாழ்க்கைப் படிகள் ஒவ்வொன்றிலும் தாய்வீட்டிலிருந்து தட்டுகள் வந்துசேர வேண்டும். தாய்மாமன் முன்னிற்க வேண்டும். இந்தப் பொருளில் வழங்கும் சொல்லோடு கல்வியைச் சேர்த்துக் 'கல்விச்சீர்' என்று ஆக்கிக்கொண்டவர்கள் ஊர்மக்களும் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஆவர். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடி ஆக்கிய சொல் அன்று இது. ஆயினும் வழங்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் விளக்கம் வேண்டாத சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

வழக்கின் வடிவம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. குறித்த நாளில் ஊர்ப் பொதுவிடத்தில் அல்லது கோயில் முன்பு மக்கள் கூடுவர். பீரோ, நாற்காலி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், குடம், பாய், நோட்டுப் புத்தகம், பேனா, விளையாட்டுப் பொருள்கள், ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கையிலும் தலையிலும் வண்டியிலும் ஏற்றுவர். தாம்பூலத் தட்டுகளில் பழமும் இனிப்பும் முன்செல்லும். மேளதாளத்தோடு தெருக்களைச் சுற்றி வந்து பள்ளி வாயிலை அடைவர். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் சந்தனம், குங்குமம் கொடுத்து வரவேற்பர். திருமண வீட்டில் பெண்வீட்டார் வந்திறங்கும் காட்சியை அறிந்தவர்க்கு இதில் புதிதாக விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. விளக்க வேண்டியது, அரசு நடத்தும் நிறுவனம் ஒன்று உறவுமுறைக்குள் ஏன் அழைக்கப்படுகிறது என்பதே.

நன்கொடை, உபயம், சீர்

பள்ளிக்குப் பொருள் கொடுப்பதைக் குறிக்கத் தமிழில் முன்பே இரு சொற்கள் உண்டு. ஒன்று 'நன்கொடை'. இது அலுவலக மொழிக்குரியது. ரசீதும் தொகையும் இதனோடு வரும். கொடுப்பவர் எவ்வூரினராகவும் இருக்கலாம். பள்ளியோடு அவருக்கு உறவு வேண்டியதில்லை. மற்றொன்று 'உபயம்'. கோயில் வழக்கிலிருந்து வந்தது. மின்விசிறியின் இறக்கையிலும் வகுப்பறைக் கதவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வண்ணத்தில் எழுதப்படுவது. கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைத்து நிற்பதைப் பலரும் நகைத்துப் பேசியிருக்கின்றனர். பள்ளியில் அந்த நகைப்புக்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. உபயத்தில் கொடுப்பவர் பெயர் பொருளின்மேல் நிலைத்துவிடும். பொருள் பழுதான பின்னும் பெயர் அங்கே இருக்கும்.

சீரில் இவ்விரண்டும் இல்லை. சீராக வந்த பொருளுக்கு ரசீது கேட்பது முறையன்று. அதன்மேல் பெயர் எழுதுவதும் முறையன்று. சீர் ஊரின் பெயரால் வருகிறது. ஐந்து பேனா கொண்டு வந்தவரும் பீரோ கொண்டு வந்தவரும் ஒரே ஊர்வலத்தில் நடக்கின்றனர். சீரை மொய்யிலிருந்தும் பிரித்தறிய வேண்டும். மொய் ஏட்டில் எழுதப்படும். எழுதிய தொகை ஒருநாள் திரும்ப வேண்டும். சீர் ஒரு திசையில் மட்டும் செல்வது. பெற்றவள் அதே வகையில் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் புகுந்த இடத்தில் பிறந்த வீட்டின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதனுள் உறைந்திருக்கிறது.

கல்விச்சீரில் மகள் யார், தாய்மாமன் யார் என்று கேட்டால் இருவகை விடைகள் கூடும். பள்ளியையே ஊரின் மகளாகக் கொள்வது ஒன்று. பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு ஊரார் தாய்மாமன் முறையில் நின்று செய்வதாகக் கொள்வது மற்றொன்று. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தாய்மாமன் தட்டு எடுத்து வருவது பிள்ளையின் வளர்ச்சிப் படிகளில். பள்ளியும் அத்தகைய படிகளால் ஆனது. அவ்வாறு கொண்டால், புகுந்த இடத்தில் பெயரைக் காப்பாற்றும் கடமை பள்ளிக்கும் மாணவருக்கும் வந்துசேர்கிறது. பொதுத்தேர்வு முடிவு வெளிவரும் நாளில் தலைமையாசிரியர் ஊராருக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார். மாணவர் சாதனைக்கும் ஊரின் கொடைக்கும் இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத இழை இதுவே.

1958: சீரமைப்பு மாநாடுகள்

ஊரைப் பள்ளிக்கு அழைத்துவரும் முயற்சி புதிதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில் அன்று இருந்த கடம்பத்தூரில் 1958இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடைபெற்றது. தொடர்ந்து பல வட்டாரங்களில் இத்தகைய மாநாடுகள் கூட்டப்பெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் எழுதப்பட்டது: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், நிலம், கட்டடம், கிணறு, சீருடை. மாநாட்டு மேடையில் ஊரார் தாம் தருவதை அறிவித்தனர். அதற்குச் சற்று முன் தொடங்கப்பெற்ற மதிய உணவுத் திட்டமும் அரசின் பங்கோடு ஊர்மக்களின் பங்கையும் சேர்த்தே நடைபெற்றது. இவ்வியக்கங்களைப் பற்றிச் சுந்தரவடிவேலு தம் தன்வரலாறாகிய 'நினைவு அலைகள்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழகக் கல்வி வரலாற்றை ஆராய்வோர் அந்நூலை ஒரு நிருவாகியின் தற்புகழ்ச்சியாக ஒதுக்கிவிடாமல் வாசிப்பது நலம். கல்வித்துறை ஊரோடு எந்த மொழியில் பேசியது என்பதற்கு அதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

'சீரமைப்பு' என்ற சொல்லில் உள்ள சீர், ஒழுங்கு என்னும் பொருளது. சிதைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்துவது சீரமைப்பு. அங்கே அழைப்பவர் அரசு, பட்டியல் எழுதுபவர் ஆசிரியரும் ஆய்வாளரும், கொடுப்பவர் ஊரார். மாநாட்டின் குறிக்கோள், பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளியைக் கொணர்வதும், பெயரளவில் இருந்த பள்ளியைப் பள்ளியாக்குவதும் ஆகும். அரசின் கருவூலம் மெலிந்திருந்த காலம் அது. விடுதலைக்குப் பின்னர்த் தம் ஊரிலும் ஒரு பள்ளி வந்தது என்ற உவகை ஊராரிடம் இருந்தது. ஊரின் செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்வோர் பிள்ளையும் பெரும்பாலும் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்; வேறு பள்ளி அருகில் இல்லை. ஆகவே கொடுத்தவர் தம் பிள்ளைக்கும் சேர்த்தே கொடுத்தார்.

இன்றைய கல்விச்சீரில் 'சீர்' உறவுப்பொருள் கொண்டுவிட்டது. அழைப்பவர் பெரும்பாலும் ஊக்கமுள்ள ஒரு தலைமையாசிரியர் அல்லது இளைஞர் மன்றம். மாநில அளவிலான மாநாடு இல்லை. ஊருக்கு ஊர் தனித்தனி விழா. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் மாற்றம் ஒன்றை இங்கே கருத வேண்டும். ஊரின் வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் பள்ளி வேனில் ஏற்றிவிடத் தொடங்கி இரு தலைமுறை ஆகிவிட்டது. எனவே ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்கும் பெரியவரின் பேரப்பிள்ளை அந்தப் பள்ளியில் பயிலாமல் இருப்பது இன்று வியப்புக்குரியதன்று. விலகிப்போன உறவை மீட்கும் ஆசையே உறவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடித்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. நெருக்கமாக இருந்த காலத்தில் 'சீரமைப்பு' என்ற அலுவலகச் சொல் போதுமானதாக இருந்தது.

சட்டம் தந்த இருக்கை

2009ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியோடு சமூகத்துக்குள்ள தொடர்பை வேறு மொழியில் வரையறுத்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கப் பணிக்கிறது. குழுவினருள் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளி மாணவரின் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். பாதியளவினர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு அவர்தம் விகிதத்திற்கேற்ற இடம் தரப்பட வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை ஆக்குவதும், வந்த நிதி எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாகக் கட்டமைக்கப்பெற்றபோது ஊர்தோறும் பெற்றோர் கூட்டங்கள் நடைபெற்றன. தலைவர் பொறுப்பு பெரும்பாலும் தாய்மார்களிடம் வந்தது.

கல்விச்சீர் ஊர்வலத்தோடு இதனை ஒப்பிட்டால் ஒரு முரண் புலப்படும். சட்டம் இருக்கை தருவது மாணவரின் தாய்க்கு. நூறுநாள் வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் செல்பவராக அவர் இருக்கலாம். சீர் முன்வரிசை தருவது ஊர்ப் பெரியவருக்கு. தாய்வீட்டின் பெயரால் நடக்கும் சடங்கில் தாய் பின்வரிசைக்குப் போகிறாள். சில ஊர்களில் குழுத் தலைவியே சீர்த்தட்டை முதலில் ஏந்திச் செல்வதுண்டு. அங்கே இரு மொழிகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருக்கின்றன எனலாம். ஆனால் இது விதியாகவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் மற்றொரு சிக்கல் உண்டு. இது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடப்பது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதினருக்குரியது. எட்டாம் வகுப்போடு அதன் எல்லை முடிகிறது. சட்டத்தின் அட்டவணை கட்டடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், நூலகம் ஆகியவற்றைப் பள்ளியின் இன்றியமையாத் தேவைகளாக்கியுள்ளது. ஆகவே ஒரே கட்டடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி குடிநீரைச் சட்டப்படி உரிமையாகப் பெறுகிறாள். அடுத்த அறையில் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அது அரசின் கொள்கையாலும் திட்டத்தாலும் கிடைப்பது. சட்ட வல்லுநர் இதனை வேறுவிதமாக விளக்கக்கூடும். நாள்தோறும் பள்ளிக்குள் நடப்பவர்க்கு இந்தக் கோடு தெரியாது, ஊரார்க்கும் தெரியாது. ஊர்வலத்தில் வரும் தண்ணீர்த் தொட்டி எல்லார்க்கும் உரியது. சீரின் வலிமை இது. அதன் ஆபத்தும் இங்கேதான் உள்ளது. பாயும் கடிகாரமும் சீராக வருவதில் தவறு காண்பதற்கில்லை. கழிப்பறையும் குடிநீரும் சீராக வரத் தொடங்கினால், அவை அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை என்ற நினைவு மங்கும். சீர் செய்ய இயலாத ஏழை ஊரின் பள்ளி என்ன ஆகும் என்ற வினாவும் எழும்.

ஆசிரியரும் இவ்வாறே ஊரின் வழியாக வருவதுண்டு. காலிப் பணியிடம் நிரப்பப்படாத பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் நிதியிலிருந்து சிறு தொகுப்பூதியம் தந்து ஆசிரியரை அமர்த்துவது நெடுநாள் வழக்கு. 2022இல் காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசே அனுமதித்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் ரூ.10,000 என ஊதியம் வரையறுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவரின் படம் பதாகையில் இடம்பெறும்போது, அக்கணக்கைக் கற்பித்தவர் இத்தகைய ஊதியம் பெற்றவராக இருக்கக்கூடும். ஆண்டறிக்கையில் அவர் பெயர் வருகிறதா என்பது கவனிக்கத்தக்கது.

கொடிக்குளத்து நிலம்

ஊரின் கொடை பள்ளியின் தரத்தையே மாற்ற முனைந்ததற்கு அண்மைக் காலச் சான்று மதுரையை அடுத்த யா. கொடிக்குளம். அங்குள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்துவதற்கு இடம் வேண்டியிருந்தது. ஆயி என்கிற பூரணம் அம்மாள் தமக்குரிய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்கல்வித் துறையின் பெயரில் கொடையாக எழுதித் தந்தார். அதன் மதிப்பு சுமார் ரூ.7 கோடி எனச் செய்திகள் தெரிவித்தன. 2024 சனவரியில் இச்செய்தி வெளிவந்ததும் நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டுக் குடியரசு நாளில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

இக்கொடையில் ஊர்வலம் இல்லை, தட்டு இல்லை, பத்திரப் பதிவு மட்டுமே இருந்தது. மேலே கூறிய மூன்று சொற்களுள் எதிலும் இது முழுமையாக அடங்கவில்லை. இறந்த மகளின் நினைவாகத் தந்தார் என்பதால் உபயத்தின் சாயல் உண்டு. அரசுத் துறையின் பெயருக்கு முழுமையாக மாற்றித் தந்ததால் நன்கொடையின் தெளிவு உண்டு. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாவது ஊர் வாழ்வில் எத்துணைப் பெரிய நிகழ்வு என்பதை அறிந்தவர்க்கே அக்கொடையின் அளவு விளங்கும். எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அடுத்த பள்ளி இருக்கும் தொலைவுதான் அவள் படிப்பின் தொலைவு. குடியிருப்பிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி இருத்தல் வேண்டும் என்பது 2009இல் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்தின் குறிக்கோள். பேருந்து நேரத்தையும் மழைக்காலச் சாலையையும் அக்குறிக்கோள் கணக்கில் கொள்ளவில்லை. பெற்றோர் கணக்கில் கொள்கின்றனர். தரம் உயர்த்தக் கோரும் ஊரார் நிலம் காட்ட வேண்டியிருப்பதும் பங்குத்தொகை திரட்டிக் கட்ட வேண்டியிருந்ததும் நாம் அறிந்தவை. ஓர் ஊரில் உயர்நிலைப் பள்ளி இருப்பதே அவ்வூரின் முதற் சாதனை எனக் கொள்ளலாம். மாணவர் சாதனைகள் அதன் பின்னர் வருவன.

பலகையில் எழுதப்படுவது

'சாதனை' என்ற சொல்லையும் சற்று நோக்க வேண்டும். பிடிவாதம் சாதித்தல், மௌனம் சாதித்தல் என்னும் தொடர்களில் விடாது நிற்றல் என்ற பொருள் இன்றும் உண்டு. பள்ளி வழக்கில் அது எண்ணாகச் சுருங்கிவிட்டது. தலைமையாசிரியர் அறையில் தொங்கும் மரப்பலகையில் ஆண்டு, பெயர், மதிப்பெண் என மூன்று பத்திகள். அப்பலகையைப் பொறுமையாக வாசிப்பவர் கல்வி வரலாற்றையே அதில் காணலாம். மேல்நிலைப் பள்ளிப் பலகையில் 1200க்கு எழுதப்பட்ட மதிப்பெண்கள் 2019 முதல் 600க்கு மாறுகின்றன. விவரமறியாதவர் மாணவர் தரம் பாதியாகிவிட்டது என்று மயங்கக்கூடும். உயர்நிலைப் பள்ளிப் பலகையில் 500 என்னும் எண் மாறவில்லை. ஆனால் பெருந்தொற்றால் தேர்வு நடவாத 2021இல் பத்தாம் வகுப்பினர்க்குத் தேர்ச்சி மட்டுமே வழங்கப்பட்டது; மதிப்பெண் இல்லை. அவ்வாண்டின் வரிசையில் முதல்வர் என எவரையும் எழுதுவதற்கில்லை.

2017 மே மாதத்தில், பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை அரசு கைவிட்டது. மாணவர் மனஅழுத்தமும் பள்ளிகளுக்கிடையே நிகழ்ந்த விளம்பரப் போட்டியும் அதற்குக் காரணங்கள். பட்டியல் போயிற்று, ஆனால் ஒப்பீடு போகவில்லை. அரசுப் பள்ளிகளில் அதன் இடத்தைப் '100 சதவீதத் தேர்ச்சி' பிடித்துக்கொண்டது. இது தனிமாணவரின் சாதனையாக இல்லாமல் பள்ளி முழுமைக்கும் உரியதாக இருப்பதால் முந்தியதைவிடச் சமூகப் பாங்கானது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. கடைசி மாணவரையும் தேர்ச்சி பெறச் செய்ய மாலையில் இரண்டு மணிநேரம் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் பல ஊர்களில் உள்ளனர். மறுபுறம், ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கியவரிடம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படி குறிப்புக் காட்டப்படுவதாகப் பெற்றோர் குறைகூறுவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் நூறு என்ற எண் நிறைவதற்கு ஒரு பிள்ளை அந்த எண்ணிலிருந்தே நீக்கப்படுகிறது. ஊரார் பாராட்டும் சாதனைக்குள் ஊரின் பிள்ளை ஒன்று காணாமற்போவதை எந்தப் பலகையும் காட்டாது.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும் என்பது பொது விதி. இதனால் ஆறாம் வகுப்புச் சேர்க்கை என்பது ஊர்க் குடும்பங்களில் ஆய்ந்து எடுக்கப்படும் முடிவாயிற்று. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் உயர்கல்வி பயில்வோர்க்கு மாதம் ரூ.1,000 தருகின்றன. 'அரசுப் பள்ளியில் படித்தவர்' என்பது முன்பு தாழ்வுணர்ச்சியோடு சொல்லப்பட்டது. இன்று விண்ணப்பத்தில் உரிமையோடு எழுதப்படுகிறது. ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராகிய நிகர் ஷாஜி செங்கோட்டை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பயின்றவர் என்பதை ஆண்டு விழா மேடைகள் மறவாமல் கூறுகின்றன.

மதிப்பெண்ணுக்கு வெளியே சாதனை காணும் முயற்சியாக 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கப்பெற்றது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள் நடந்து கலையரசன், கலையரசி விருதுகள் வழங்கப்பட்டன. ஒயில், கும்மி, தப்பாட்டம், சிலம்பம் எனத் தெருவில் கற்றவை பள்ளி மேடைக்கு வந்தன. தாத்தாவிடம் பறை கற்ற மாணவர் அதற்காகச் சான்றிதழ் பெறுவது சிறிய செய்தியன்று. விளையாட்டில் மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டத் தொடங்கி, 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். வென்றபின் பரிசுத்தொகையில் ஒரு பகுதியைத் தாம் பயின்ற பள்ளிக்கு அளிப்பதாக அறிவித்தார். சீர் பெற்ற பிள்ளை வளர்ந்து சீர் செய்பவராவது உறவுமுறையிலும் உள்ளதே.

எந்த ஊர்

இதுவரை 'ஊர்' என்று ஒருமையில் கூறப்பட்டது. தமிழகக் கிராமத்தில் அச்சொல் ஒருமையன்று. ஊர் என்றும் காலனி என்றும் பிரித்து வழங்கும் மொழி இன்னும் மறையவில்லை. அரசுப் பள்ளியில் பயில்வோருள் கணிசமானோர் காலனியிலிருந்து வருபவர். அவ்வாறாயின் சீர் ஊர்வலம் எத்தெருக்களைச் சுற்றி வருகிறது என்பது இன்றியமையாத வினா. கோயில் முன்பிருந்து புறப்பட்டால் யார் அங்கே கூடியிருப்பர்? தாய்மாமன் முறை என்பது கொண்டு கொடுக்கும் உறவைக் குறிப்பது; எனவே அது சாதி எல்லைக்குள் நிற்பது. மதுரை, இராமநாதபுரம் வட்டாரங்களில் சமயம் கடந்தும் மாமன் மச்சான் என அழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டெனினும், அவ்வழைப்போடு சீர்த்தட்டு செல்வதில்லை. கல்விச்சீரில் முதன்முறையாக, கொண்டு கொடுக்க ஒப்பாத தெருவின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஊரார் தட்டு ஏந்துகின்றனர். அதனை அவர்கள் அறிந்து செய்கின்றனரா, பள்ளி என்ற பொதுச்சொல்லின் மறைவில் அறியாமல் செய்கின்றனரா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். எவ்வாறாயினும் உறவுமுறை தன் எல்லையைக் கடந்து நீண்டிருக்கிறது. இந்த நீட்சியே கல்விச்சீரின் மிகச் சிறந்த கூறு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பீரோவும் மின்விசிறியும் அதற்கு அடுத்தவையே.

அதனை மிகைப்படுத்துவதற்கும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயின்ற மாணவர்களால் வீட்டில் வெட்டப்பட்டனர். அதன் பின்னர் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலியவற்றைத் தடுத்தல் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. தாக்கப்பட்ட மாணவர் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மீண்டு வந்து பெற்ற அந்த எண்ணை எப்பலகையின் எந்தப் பத்தியில் எழுதுவது என்பதற்குப் பள்ளி வழக்கில் விடை இல்லை. விடாது நிற்றல் என்னும் பழைய பொருளில் மட்டுமே அதனைச் சாதனை எனச் சொல்ல இயலும்.

ஆண்டறிக்கையும் இருப்புப் பதிவேடும்

சீர், சாதனை ஆகிய இரண்டும் எழுத்தில் சந்திக்கும் இடம் ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் வாசிக்கும் ஆண்டறிக்கை. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் வரவேற்புரைக்கும் பின், கலை நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் ஆரவாரத்துக்கு இடையே அது வாசிக்கப்படுகிறது. கூடியிருப்போருள் பாதிப்பேர் கேட்பதில்லை. மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விகிதம், பெற்ற பரிசுகள், நன்கொடையாளர் பெயர்கள், பெற வேண்டிய தேவைகள் என அதன் அமைப்பு பெரிதும் மாறாதது. 'பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்னும் தொடரும் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்னும் தொடரும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து வருவது இவ்வகைமையின் தனிச்சிறப்பு. ஊரின் முன் பள்ளி நிமிர்ந்தும் குனிந்தும் நிற்கும் நிலையை அவ்விரு தொடர்களும் காட்டுகின்றன. இவ்வறிக்கைகள் விழா முடிந்ததும் கோப்பில் சேர்ந்து, இடமின்மையால் சில ஆண்டுகளில் எடைக்குப் போகின்றன. உரைநடை வரலாற்றையும் கல்வி வரலாற்றையும் ஆராயும் தமிழ்த்துறைகள் தத்தம் மாவட்டங்களில் இவற்றைத் திரட்டத் தொடங்கினால், பத்தாண்டுகளில் பயன்மிக்க ஆவணத் தொகுதி ஒன்று உருவாகும்.

அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றோர் ஏடு பொருள் இருப்புப் பதிவேடு. சீராக வந்த பொருள்கள் மறுநாள் அதில் ஏறுகின்றன: எண், பொருளின் பெயர், எண்ணிக்கை, பெற்ற நாள், பெற்ற வழி. பெற்ற வழி என்ற பத்தியில் சில தலைமையாசிரியர்கள் 'நன்கொடை' என்று எழுதுகின்றனர். சிலர் 'பொதுமக்கள்' என்று எழுதுகின்றனர். 'கல்விச்சீர்' என்றே எழுதுவோரும் உளர். பதிவேட்டில் ஏறிய பின் அது அரசின் உடைமை. பழுதானால் ஊரார் எடுத்துச் செல்ல இயலாது. கழிவு செய்ய மேலதிகாரியின் ஆணை வேண்டும். ஆணை வரும்வரை ஓடாத மின்விசிறி அறையின் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அடுத்த ஆண்டு ஊர்வலத்தில் வரும் மின்விசிறிக்குப் பதிவேட்டில் புதிய எண் தரப்படும்.